அதை அழித்தது ரியாஸ் இல்லை

ஆல்வின்,

இந்தக் கடிதத்தை உன் பைக்குள் ஒளித்து வைத்து, நீ கப்பல் ஏறிய பிறகு கண்டெடுக்கும்படி செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படிச் செய்தால் எனக்குச் சுலபம். நீ படிக்கும்போது நமக்கு நடுவில் கடல் இருக்கும், உன் கோபம் என்னிடம் வந்து சேர்வதற்குள் பாதி ஆறியிருக்கும். அந்த மாதிரிச் சுலபத்தை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டு இரண்டு வருஷமாக அவதிப்படுகிறேன். அதனால்தான் இன்று, சனிக்கிழமை காலையிலேயே, இதைச் சாப்பாட்டு மேசைமேல் வைக்கிறேன். நீ கொச்சிக்குக் கிளம்புவது திங்கட்கிழமை மதியம். நடுவில் இரண்டு நாள் இருக்கிறது. அது உனக்கு வேண்டும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வள்ளியூர் நிகழ்ச்சிக்கு முன்னால், கிதார் ஒலியையும் குரலையும் மாற்றிக் கொடுக்கும் உன் எஃபெக்ட்ஸ் பெட்டியில் நீ சேமித்து வைத்திருந்த அத்தனை அமைப்புகளையும் அழித்தது உன்கூடக் கீபோர்டு வாசித்த ரியாஸ் இல்லை. நான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் செய்தது நான்தான் என்பது உனக்குப் பெட்டியைக் கொடுத்தபோதே எனக்குத் தெரியும். மேடையில் அது உன்னைக் கைவிட்டபோதும் தெரியும். மேடைக்குப் பின்னால் நின்று நீ ரியாஸை ஏசியபோது, பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கு நன்றாகவே தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

எப்படி நடந்தது என்று நீ கேட்பாய். உனக்குத் தெரியாத ஒரு கதை அதற்கு முன்னால் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் நான் உவரி கோயிலில் பாடகர் குழுவில் பாடினேன் என்பது உனக்குத் தெரியும். மேல்குரல் பாடுகிற நாலு பேரில் நானும் ஒருத்தி. உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்து, நீதிமன்றத்தில் நகல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பாடினேன். தொண்டையில் ஆபரேஷன் செய்தபோது நீ கல்லூரி கடைசி வருஷம். புண் ஆறிவிட்டது, பேச்சும் வந்துவிட்டது, மேல் ஸ்வரங்கள் மட்டும் வரவில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் போனால் வெறும் காற்றுதான் வந்தது. டாக்டர், அது அப்படித்தான் இருக்கும், வேறு பயம் ஒன்றும் இல்லை என்றார். நானும் உங்கள் இரண்டு பேரிடமும் அதையே சொல்லிவிட்டுப் பாட்டை விட்டுவிட்டேன். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானே எடுத்துக்கொள்ளாதபோது உங்களைச் சொல்லி என்ன.

நீ அந்தப் பெட்டியை வாங்கி வந்த புதிதில் ஒருநாள் மைக்கை அதில் சொருகிப் பாடிக் காட்டினாய். நீ ஒரு குரலில் பாட, பெட்டி உன் குரலையே எடுத்து மேலே இன்னொரு குரலாகச் சேர்த்துக் கொடுத்தது. நான் அடுப்படியில் கரண்டியோடு அப்படியே நின்றேன். மறுவாரம் எனக்கு ஒருநாள் விடுப்பு. நீ வேலைக்குப் போயிருந்தாய். பெட்டியை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்து, நீ செய்ததைப் போலவே மைக்கைச் சொருகி, உன் ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டிக்கொண்டு மாதா பாட்டு ஒன்றின் முதல் வரியைப் பாடினேன். என்னால் இப்போது எட்ட முடியாத அந்த இடத்தில், என் குரலுக்கு மேலே, என் குரலே கேட்டது. நான் அழவில்லை. அதே வரியை இன்னும் எட்டுப் பத்துத் தடவை பாடினேன். அதன் பிறகு விடுப்பு கிடைத்த நாளெல்லாம் அப்படித்தான். சில நாள் ஹெட்ஃபோன் இல்லாமல் உன் சின்ன ஸ்பீக்கரிலேயே பாடினேன். பாடி முடித்ததும் எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிடுவேன். உன்னிடம் கேட்டிருந்தால் எனக்கென்றே ஒரு அமைப்பைச் செய்து, என் பெயரைப் போட்டுத் தந்திருப்பாய். ஏன் கேட்கவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு ஆசை இருக்கிறதென்று பெற்ற பிள்ளையிடம் சொல்வதற்குக் கூச்சமாக இருந்தது என்று வைத்துக்கொள்.

வள்ளியூர் திருவிழா நாளும் எனக்கு விடுப்புதான். மதியம் பெட்டியை எடுத்தேன். கரண்ட் கொடுக்கிற ஒயரின் முனையைப் பின்பக்கத் துளையில் சொருகும்போது பெட்டி மேசையில் வழுக்கும், அதனால் முன்பக்கமாக இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வது என் வழக்கம். அன்றைக்கு என் உள்ளங்கை இரண்டு மிதிசுவிட்சுகளையும் சேர்த்து அமுக்கிவிட்டது. திரையில் ஆங்கிலத்தில் ஏதோ வந்தது, ஒரு கோடு இடமிருந்து வலமாக நிறைந்துகொண்டே போனது. வழக்கமாகத் தொடங்குவதுதான் என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். கோடு நிறைந்ததும் திரையில் நீ வைத்திருந்த பெயர்கள் இல்லை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு அமைப்பு வைத்திருப்பாயே, உவரிக் கடற்கரை என்று ஒன்று, கல்லூரி ஹால் என்று ஒன்று. கோயிலுக்குள் சுவரே எதிரொலி கொடுக்கும், அதனால் பெட்டியின் எதிரொலியைக் குறைத்து வைத்திருக்கிறேன் என்று சொல்வாய். எதுவும் இல்லை. கம்பெனிக்காரன் வைத்த பெயர்கள்தான் வரிசையாக இருந்தன. பிடுங்கி மறுபடியும் சொருகினேன். அதே பெயர்கள்.

அரைமணி நேரத்தில் நீ ஃபோன் செய்தாய். "அம்மா, பைய எடுத்து வாசல்ல வைங்க. உள்ள வர நேரமில்ல, அப்படியே எடுத்துட்டுப் போதேன்" என்றாய். நான் பெட்டியைப் பைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு கேட்டில் நின்றேன். நீ பைக் இன்ஜினை அணைக்காமலேயே வாங்கித் தோளில் மாட்டினாய். "சாப்டுட்டியாலே" என்று கேட்டேன். கேட்க வேண்டியிருந்தது அது இல்லை. இவ்வளவு பெரிய சாமான் ஒரு கை பட்டதற்கா எல்லாவற்றையும் மறந்துவிடும், மேடையில் போட்டால் தானாகத் திரும்பி வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பகலெல்லாம் மூலத்தையும் நகலையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான். ஒரு எழுத்து விட்டுப்போனால் அது தானாகத் திரும்பி வராது என்று எனக்குத் தெரியாதா.

மீதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் பின்னாலேயே பஸ்ஸில் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது. உங்களுக்கு முந்திய குழு நேரத்தை இழுத்துவிட்டதால் ஒலியைச் சரிபார்க்க உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. முன்வரிசையில் கொச்சியிலிருந்து வந்த அந்த இசைக்குழுத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு கிதார்க்காரரும் ஒரு கீபோர்டுக்காரரும் அவருக்கு வேண்டியிருந்தது. நீங்கள் இரண்டு பேரும் ஆறு மாதம் அதற்காகவே பயிற்சி செய்தீர்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ரியாஸ் தன் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் உன் பெட்டி அந்தப் பாட்டின் அமைப்புக்குத் தானாக மாறிக்கொள்ளும்படி இரண்டுக்கும் நடுவில் மிடி கம்பி போட்டிருந்தீர்கள். அவன் பொத்தானை அழுத்தினான். பெட்டியும் மாறியது, ஆனால் என்னவாகவோ மாறியது. முதல் பாட்டில் கிதார் கிறீச்சிட்டது. இரண்டாவது, அந்த மெதுவான பாட்டில், நீ கண்ணை மூடிக்கொண்டு முதல் சொல்லைப் பாடினாய். உன் குரல் இயந்திரம் பேசுவது போல வெளியே வந்தது. கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, திருவிழாக் கூட்டம் எதற்கும் சிரிக்கும். ஆனால் நீ கண்ணைத் திறந்தாய். அந்த முகத்தை நான் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் மேடைக்குப் பின்னால் ஓடி வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் மைக் செட் லாரிக்குப் பக்கத்தில் நின்றீர்கள். மைக் செட் அண்ணாச்சியும் அங்கேயே நின்றார்.

"நேத்து லேப்டாப்ப மாட்டி என்னலே பண்ணுன?" என்றாய்.

"ஒண்ணும் பண்ணலலே. காப்பிதான் எடுத்தேன்."

"காப்பி எடுத்தியா அழிச்சியா? கொச்சிக்காரரு ஒன்ன மட்டும் கூட்டிட்டுப் போவட்டும்னு வேணும்னே செஞ்சியா?"

ரியாஸ் குனிந்து உன் பெட்டியின் திரையைப் பார்த்தான். ஏதோ இரண்டு பொத்தானைத் தட்டிப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம்தான். அப்புறம் உன்னிடம், "சரிலே. நாந்தான்னே வச்சுக்க" என்று சொல்லிவிட்டு, மிடி கம்பியை மெதுவாகச் சுற்றி உன் பைக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டான். நீ அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டது என்று எடுத்துக்கொண்டாய். நான், அவன் கோபத்தில் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டுமே இல்லை என்று எனக்கு மூன்று மாதத்துக்கு முன்னால்தான் தெரிந்தது.

நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியைப் பந்தடித்து உடைத்துவிட்டு, கூட விளையாடிய பையன்மேல் பழியைப் போட்டாய். அது எனக்குத் தெரிந்ததும் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டு வாசலில் நிறுத்தினேன். "அம்மா, நாளைக்குச் சொல்லுதேம்மா" என்று கெஞ்சினாய். நான் விடவில்லை. இன்றைக்குச் சொல்லாவிட்டால் நாளைக்கு இன்னும் கஷ்டமாகிவிடும் என்று சொன்னேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். வள்ளியூரிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று நாளைக்குச் சொல்வோம் என்று இருந்தேன். மறுநாள், உன் மனசு ஆறட்டும் என்று இருந்தேன். ஒரு வாரம் கழிந்ததும், ஏன் ஒரு வாரம் சொல்லவில்லை என்று நீ கேட்பாயே என்று பயந்தேன். ஒரு மாதம் ஆனதும் சொல்வதற்கு வழியே இல்லாதது போல ஆகிவிட்டது. அந்த வருஷம் நோன்புப் பெருநாளுக்கு மேலப்பாளையத்தில் ரியாஸ் வீட்டிலிருந்து வழக்கமாக வரும் பிரியாணித் தூக்குச்சட்டி வரவில்லை. "வரலன்னா என்ன இப்ப" என்று சொல்லிவிட்டு நீ எழுந்து போனாய். நானும் அப்பாவும் சாப்பிட்டு முடித்தோம். அப்பாவுக்கு அப்போது எதுவும் தெரியாது.

ரியாஸை நான் மறுபடி பார்த்தது என் அலுவலகத்தில். குடும்பச் சொத்து வழக்கு ஒன்றின் தீர்ப்பு நகல் வாங்க வந்திருந்தான். கவுண்டரில் மனுவை நீட்டிய கையைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. "நல்லாருக்கீயளாம்மா" என்று குரல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் அவன். தாடி வைத்திருக்கிறான், கொஞ்சம் பூசினாற்போல ஆகியிருக்கிறான். மனுவைப் பதிவு செய்தேன், முத்திரை குத்தினேன். அவனே, "ஆல்வின் எப்படிம்மா இருக்கான்? இப்பவும் வாசிக்கானா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில் ஒரு துளி கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்கு வரச் சொன்னேன்.

வந்தான். டீயை முன்னால் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். விடுப்பு நாள், மேசை, உள்ளங்கை, வாசல் கேட், லாரி. நான் முடித்ததும் சொன்னான்.

"எனக்குத் தெரியும்மா."

"எப்பத் தெரியும்?"

"அங்கனயே தெரியும். நான் லேப்டாப்ப மாட்டுனதுல போயிருந்தா பாட்டு அமைப்புதாம்மா கெடும். மிடி சேனல் மாறாது. ரெண்டாம் சேனல்ல வார உத்தரவ மட்டும் கேக்குத மாதிரி வச்சிருந்தேன், அது எல்லாச் சேனலயும் கேக்குத மாதிரி வந்துருந்துச்சு. மொத்தப் பெட்டியும் புதுசு மாதிரி ஆனாத்தான் அப்படி வரும். அதுக்கு ரெண்டு சுவிட்சையும் அமுக்கிக்கிட்டே கரண்ட் குடுக்கணும். யாரோ வீட்டுல தொட்டுருக்காவன்னு தெரிஞ்சிட்டு."

"அப்பா தொட்டிருக்கலாமே. நான்தான்னு எப்படி?"

அவன் டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டே சொன்னான். "ஒரு நா அவனத் தேடி வந்தேம்மா. கேட்டுப் பக்கத்துல வரும்போது பாட்டுச் சத்தம். ரெண்டு பொம்பளையாளு சேந்து பாடுத மாதிரி. அப்பொறம் வெளங்கிட்டு, ஒரு ஆளுதான்னு. நல்லா இருந்துச்சு. பெல் அடிச்சா நிறுத்திருவீயன்னு திரும்பிப் போயிட்டேன்."

எனக்கு அந்தக் கேன்டீனில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "அப்ப ஏம்ப்பா சொல்லல? அவ்வளவு பேச்சு கேட்டியே" என்றேன்.

"ஒங்க பேரத்தானம்மா சொல்லணும். அத்தன பேரு நிக்காவ, அவன் இருந்த இருப்புல ஒங்ககிட்ட எப்படிப் பேசியிருப்பானோ. வீட்டுக்குப் போனதும் நீங்களே சொல்லிருவீயன்னு நெனச்சேன்."

அவன் குற்றம் சாட்டவில்லை, ஆல்வின். நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். அதைக் கேட்டதும் நான் என் டீயைக் குடித்து முடித்தேன்.

இன்னொன்றையும் அங்கேதான் கேட்டேன். முந்தைய நாள் காப்பி எடுத்ததாகச் சொன்னானே, அது உண்மை. உன் பெட்டியில் இருந்த எல்லாமே, நீ கடைசியாகச் சரி செய்த வள்ளியூர்ப் பாட்டுகள் உட்பட, அவனுடைய லேப்டாப்பில் அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. மறுநாள் காலையிலேயே அதை அனுப்பிவைக்க உன்னைக் கூப்பிட்டிருக்கிறான். நீ அவன் நம்பரை பிளாக் செய்து வைத்திருந்தாய். ஐந்து நிமிஷத்தில் பெட்டியில் திரும்ப ஏற்றியிருக்கலாமாம். இனி எதையும் சேமிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு இரண்டு வருஷம் கம்பெனிக்காரன் வைத்த ஒலியிலேயே வாசித்தாயே, உன் அமைப்பில் ஒன்றுகூடத் தொலையவில்லை. தொலைந்தது வேறு. மைக் செட் அண்ணாச்சி தான் கேட்டதை நாலு குழுக்களிடம் சொல்லிவிட்டார். கூட வாசிக்கிறவனுக்கே குழி பறிக்கிறவன் என்று பேர் வந்த பிறகு ரியாஸை யாரும் கூப்பிடவில்லை. ஒரு வருஷம் பார்த்துவிட்டுக் கீபோர்டைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டு, மேலப்பாளையத்தில் செல்ஃபோன் பழுது பார்க்கும் கடை வைத்துவிட்டான். அடுத்த மாதம் ஷார்ஜாவுக்குப் போகிறான். விசா வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்ததும் அவரிடம் சொன்னேன். இழுவைப் படகு ஓட்டுகிற மனுஷர், எதற்கும் அவசரப்படமாட்டார். சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "நான் சொல்லட்டுமா அவங்கிட்ட?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "அப்ப நீயே சொல்லு ஏளா. ஆனா அவன் கப்பல் ஏறுததுக்கு முன்னால சொல்லு. தண்ணியில நிக்கும்போது வீட்டுச் சேதி கேட்டா ஒண்ணும் செய்ய முடியாது. எனக்குத் தெரியும்" என்றார். அவருடைய அம்மா இறந்த செய்தி அவருக்கு நடுக்கடலில்தான் கிடைத்தது. அதைப் பற்றி அவர் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

உனக்குக் கப்பலில் தனியாகப் பாடி வாசிக்கும் வேலை கிடைத்ததும் நான் ரியாஸின் கடைக்குப் போனேன். தனியாக நிற்கும்போது பெட்டியின் அமைப்பை மாற்றிக்கொடுக்கக் கூட ஆள் இருக்காதே, என்ன செய்வான் என்று கேட்டேன். காலால் அழுத்துகிற சின்ன மிடி பலகை ஒன்று இருக்கிறது, ஆறு சுவிட்சு, அதில் ஒவ்வொரு பாட்டையும் பதிந்து கொடுத்தால் காலாலேயே மாற்றிக்கொள்வான் என்றான். வாங்கினேன். பதிந்து கொடுக்க முடியுமா என்று கேட்கத் தயங்கினேன், அவனே பலகையை வாங்கித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். நான்கு சனிக்கிழமை அவன் கடையின் பின்னறையில் உட்கார்ந்தோம். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: உன் பெட்டியை நான் தொடவில்லை. அதே மாதிரிப் பெட்டி ஒன்றை ரியாஸ் தெரிந்தவரிடம் இரவல் வாங்கி வந்தான், எல்லாவற்றையும் அதில்தான் செய்து பார்த்தோம்.

மிடி கம்பி வழியாகச் சத்தம் போகும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். "சத்தம் போவாதும்மா, உத்தரவுதான் போவும். இத்தனாவது அமைப்புக்கு மாறு, எதிரொலியக் கொற, அவ்ளோதான்" என்று அவன் சொன்னபோது எனக்குச் சுலபமாகப் புரிந்தது, அலுவலகத்தில் நான் பார்ப்பதும் அதுதானே. அவன் சொல்லச் சொல்ல நான் அட்டவணை எழுதினேன்: இந்தச் சுவிட்சு, இந்த எண், இந்தப் பாட்டு. முதல் சனிக்கிழமை முழுக்க ஒன்றும் சரியாக வரவில்லை. இரண்டை அழுத்தினால் வேறு பாட்டு, ஐந்தை அழுத்தினால் வேறு பாட்டு. ரியாஸ் சேனலை மாற்றிப் பார்த்தான், கம்பியை மாற்றிப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். நான் என் அட்டவணையையும் திரையில் வந்த பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டேன். "ரியாசு, எல்லாமே ஒண்ணு தள்ளி வருதுப்பா" என்றேன். பார்த்தான். பலகை சைபரிலிருந்து எண்ணுகிறது, பெட்டி ஒன்றிலிருந்து எண்ணுகிறது. "முப்பது வருசம் நகல் பாத்த கண்ணுல்லா" என்று சிரித்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

அதற்கப்புறம் வேகமாகப் போனது. கடைசிச் சுவிட்சை மட்டும் பாட்டுக்கு வைக்கவில்லை. அதை எப்போது அழுத்தினாலும் குரல் எந்த அலங்காரமும் இல்லாமல், உள்ளபடியே போகும். மேடையில் எது கெட்டாலும் அதை மிதித்துவிட்டுப் பாட்டைத் தொடரலாம் என்று ரியாஸ் வைத்தான். பாட்டின் வேகத்தைப் பெட்டியின் மிதிசுவிட்சில் காலால் தட்டினால் எதிரொலியும் அதே வேகத்துக்கு வரும். உன் பழைய அமைப்புகள் எல்லாம் ஒரு பென்டிரைவில் இருக்கின்றன. பலகையும் பென்டிரைவும் அட்டவணையும் உன் கட்டிலின்மேல் இருக்கின்றன. ஏற்றிக்கொள்வதும் ஏற்றாமல் விடுவதும் உன் இஷ்டம். ஏற்றினால், ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொள். உன் சாமானைப் பிறர் தொடுவார்கள். கப்பலிலும் தொடுவார்கள். கெட்டுப்போனால் யார் என்று கேட்பதற்கு முன்னால் என்ன ஆனது என்று பார். அன்றைக்கு ரியாஸ் குனிந்து திரையைப் பார்த்த மாதிரி.

உனக்கு என்மேல் கோபம் வரும். வர வேண்டும். என்னை மன்னித்துவிடு என்று இந்தக் கடிதத்தில் நான் எழுதவில்லை, கவனித்தாயா. எழுதி எழுதி மூன்று தடவை அடித்துவிட்டேன். அது எனக்கும் உனக்கும் நடுவில் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம், அதற்கு வருஷக்கணக்கானாலும் பரவாயில்லை. ரியாஸ் விஷயத்துக்கு அவ்வளவு நேரம் இல்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் போகப்போகிறீர்கள்.

நீ இதைப் படிக்கும்போது நான் வள்ளியூர் பஸ்ஸில் இருப்பேன். மைக் செட் அண்ணாச்சியின் வீட்டை விசாரித்து வைத்திருக்கிறேன். லாரிக்குப் பக்கத்தில் அவர் கேட்டது தவறு, செய்தது நான்தான் என்று அவர் முகத்தைப் பார்த்து நானே சொல்லப்போகிறேன். அவர் யார் யாரிடம் சொன்னாரோ அவர்களிடமும் இதைச் சொல்லும்படி கேட்கப்போகிறேன். செய்வாரா என்று தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவேன். என்னிடம் கேட்க வேண்டியதையெல்லாம் அப்போது கேள்.

ரியாஸ் கடையைப் பத்தரைக்குத் திறப்பான். நீ வருவாய் என்று அவனிடம் நான் சொல்லவில்லை, அவனும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவன் உனக்காகக் காத்திருக்கவில்லை, அதனால் நீ போகாவிட்டால் ஏமாறவும் மாட்டான். யாருடைய ஃபோனையாவது பிரித்து வைத்துக்கொண்டு குனிந்து வேலை செய்துகொண்டிருப்பான். மேலப்பாளையம் பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒன்று இருக்கிறது.

அம்மா